கருஞ்சீரக எண்ணெய்: பெயரும் அளவும்

2010-ஆம் ஆண்டு சவூதி அரேபிய ஆய்வாளர் அப்துல்லா பாமோசாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வை, கருஞ்சீரகத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் படிப்பது நல்லது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 94 பேர் அதில் பங்கேற்றார்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்தாமல், கூடவே கருஞ்சீரகத் தூளைக் கேப்சூலில் அடைத்துக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 1 கிராம், அடுத்த பிரிவினருக்கு 2 கிராம், மூன்றாம் பிரிவினருக்கு 3 கிராம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 1 கிராம் எடுத்தவர்களிடம் உறுதியாகச் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 2 கிராம் எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 56 புள்ளி குறைந்திருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 1.52 புள்ளி இறங்கியிருந்தது. 3 கிராம் எடுத்தவர்களுக்கு அதற்குமேல் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

இந்த ஆய்வில் குறை உண்டு. வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவு இல்லை. ஆய்வில் சேர்ந்தவுடன் சாப்பாட்டிலும் நடைப்பயிற்சியிலும் அக்கறை கூடிவிடுவது மனித இயல்பு. அப்படிக் குறைந்தது எவ்வளவு, விதையால் குறைந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே குழுவினர் 2015-இல் 114 பேரை ஓராண்டு முழுவதும் கவனித்து, இந்த முறை ஒப்பீட்டுப் பிரிவும் வைத்து, 2 கிராம் அளவு சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவுகிறது என்று மறுபடி கண்டார்கள். அதிலும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பது ஒரு குறைதான். இருந்தாலும் முதல் ஆய்வு கற்றுக்கொடுத்த பாடம் பெரியது. பயன் என்பது கருஞ்சீரகம் என்ற பெயரில் இல்லை, அளவில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒன்றும் நடப்பதில்லை, மேலே போனால் கூடுதல் பலன் இல்லை.

இன்று அந்தப் பெயர் ரொட்டி, பாலாடைக்கட்டி, தயிர், பிஸ்கட், தேன், சாலட் எண்ணெய் என்று பலவற்றின் உறைமேல் ஏறிவிட்டது. பசியாற்றுவதோடும் சத்துத் தருவதோடும் நிற்காமல் உடலின் ஏதோ ஒரு செயலுக்குத் தனியாகத் துணை செய்யும் உணவைச் செயல்பாட்டு உணவு என்கிறார்கள். இந்தக் கருத்து 1980-களில் ஜப்பானில் உருவானது. 1991-இல் அந்நாட்டு அரசு இத்தகைய உணவுகளுக்கென்றே ஒரு தனி அங்கீகார முறையைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்திலும், அதன்கீழ் 2016-இல் வந்த விதிகளிலும் செயல்பாட்டு உணவுக்கு இடம் இருக்கிறது. இப்படி ஓர் உணவுக்குள் கருஞ்சீரக எண்ணெயைச் சேர்க்கும்போது, மருத்துவ ஆய்வில் கண்ட பயன் அந்த உணவின் வழியாகவும் கிடைக்கிறதா என்பதுதான் என் கேள்வி. விதையின் பழம்பெருமையைச் சொல்லும் கட்டுரைகள் ஏராளம். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுபவை குறைவு.

விதைக்குள் இரண்டு எண்ணெய்

நைஜெல்லா சடைவா என்ற செடியின் விதைதான் கருஞ்சீரகம். பெயரில் சீரகம் இருந்தாலும் சீரகக் குடும்பத்தோடு அதற்கு உறவில்லை. மேற்கு ஆசியாவும் மத்தியதரைக் கடற்கரையும் நெடுங்காலமாக அதைப் பயிரிட்டு வந்திருக்கின்றன. துருக்கியின் போயாலி ஹொயுக் என்ற இடத்தில் ஹிட்டைட் காலத்துக் குடுவை ஒன்றிலிருந்து இந்த விதைகள் கிடைத்தன. அது கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது. எகிப்தில் துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த தாவரப் பொருள்களிலும் கருஞ்சீரகம் இருந்தது. இந்த விதையைப் போற்றும் நபிமொழி புகாரித் தொகுப்பில் இருப்பதால் இஸ்லாமிய உலகம் முழுவதும் அதற்குத் தனி மதிப்பு உண்டு. இந்தியாவில் வங்காளத்துப் பாஞ்ச் ஃபோரனில் அது ஐந்தில் ஒன்று. வடக்கே நான் என்ற ரொட்டியின்மேல் தூவுகிறார்கள். தமிழ்நாட்டுச் சமையலில் அதற்குப் பெரிய இடம் இல்லை. சித்த மருத்துவத்திலும் நாட்டு மருந்துக் கடையிலும்தான் நமக்கு அது அதிகம் பழக்கம்.

விதையின் எடையில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் எண்ணெய். இதை நிலை எண்ணெய் என்பார்கள். செக்கில் ஆட்டினால் வழிந்து வருவது இதுதான். இதில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஒலியிக் அமிலம், மீதியில் பெரும்பகுதி பாமிட்டிக் அமிலம். கொழுப்பு அமிலங்களை மட்டும் பார்த்தால் சூரியகாந்தி எண்ணெய்க்கு மிக அருகில் வரும். அந்த அளவில் அதைத் தனிச் சிறப்புள்ள எண்ணெய் என்று சொல்ல முடியாது.

சிறப்பு இன்னொன்றில் இருக்கிறது. விதையில் ஒரு சதவீதத்தைச் சுற்றி ஆவியாகும் எண்ணெயும் உண்டு. கசக்கி முகர்ந்தால் மூக்கில் ஏறும் அந்தக் காரமான வாசனை இதனுடையது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு இதைப் பகுத்துப் பார்த்தபோது, மாதிரிக்கு மாதிரி 27.8 முதல் 57 சதவீதம் வரை தைமோகுயினோன் என்ற ஒரே பொருள் இருந்தது. கார்வக்ரால், பாரா சைமீன், அனெத்தோல் போன்றவை அதைவிடக் குறைந்த அளவுகளில் இருந்தன. தைமோகுயினோனை எகிப்திய மருந்தியலார் எல்-தகாக்னி 1960-களிலேயே பிரித்தெடுத்துவிட்டார். அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உடலில் உருவாவதை இந்தத் தைமோகுயினோனும் நிலை எண்ணெயும் தடுக்கின்றன என்று லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஹௌட்டன் குழுவினர் 1995-இல் காட்டினார்கள். அதன்பிறகு ஆயிரக்கணக்கில் ஆய்வுத்தாள்கள் வந்துவிட்டன. கருஞ்சீரகத்தின் பெயரால் சொல்லப்படும் நன்மைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆய்வுக்கூடத்தில் இந்த ஒரு மூலக்கூறே காரணமாகக் காட்டப்படுகிறது.

செக்கில் ஆட்டிய எண்ணெயில் இந்த ஆவி எண்ணெயின் ஒரு பகுதி கரைந்து வந்துவிடும். எவ்வளவு வரும் என்பது விதை விளைந்த ஊர், பறித்த பருவம், பிழிந்த முறை, அடைத்த புட்டி என்று பலவற்றைப் பொறுத்தது. கடைகளில் விற்கும் எண்ணெய்களைச் சோதித்த ஆய்வுகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பல மடங்கு வேறுபாட்டைக் காட்டியிருக்கின்றன. இரண்டு புட்டியிலும் சுத்தமான கருஞ்சீரக எண்ணெயே இருக்கலாம், இரண்டும் ஒரே விலையில் விற்கலாம். ஆனால் ஒன்றில் இருக்கும் தைமோகுயினோனில் பத்தில் ஒரு பங்குகூட மற்றதில் இல்லாமல் போகலாம்.

வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. நீராவியில் வடித்த ஆவி எண்ணெயும் சிறிய புட்டிகளில் தனியாக விற்கிறது. அதில் பாதிவரை தைமோகுயினோன் இருக்கும். செக்கு எண்ணெய்க்குச் சொல்லும் தேக்கரண்டி அளவில் அதைக் குடிக்கக் கூடாது. இரண்டையும் கருஞ்சீரக எண்ணெய் என்றே எழுதி விற்பது ஆபத்தான பழக்கம். இதை யாராவது கட்டாயம் தடுத்தாக வேண்டும்.

மனிதர்களிடம் கண்டது

எலியில் கண்டதையும் செல்லில் கண்டதையும் இங்கே ஒதுக்கிவைக்கிறேன். மனிதர்களுக்கு எண்ணெயாகவே கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஓர் ஒற்றுமை கண்ணில் படுகிறது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் 2008-இல் வெளியான ஆய்வில், சர்க்கரையும் கொழுப்பும் ஒருசேரக் கூடியிருந்த நோயாளிகள் 60 பேரைப் பிரித்து, வழக்கமான மருந்தோடு ஒரு பிரிவினருக்கு நாளுக்கு இரண்டு வேளை 2.5 மில்லிலிட்டர் கருஞ்சீரக எண்ணெயை ஆறு வாரம் கொடுத்தார்கள். எண்ணெய் எடுத்தவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல், வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்றும் கூடுதலாகக் குறைந்தன. ஈரானில் ஃபல்லா ஹுசைனி குழுவினர் 2013-இல் நோயில்லாத 70 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு அதே 2.5 மில்லிலிட்டரை, அதே இரண்டு வேளை, எட்டு வாரம் கொடுத்து இரத்த அழுத்தம் குறைவதைக் கண்டார்கள். இரண்டிலும் நாள் அளவு 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி நிறைய. ஆஸ்துமாவுக்கு 2017-இல் ஜித்தாவில் நடந்த ஆய்வில் 500 மில்லிகிராம் எண்ணெய்க் கேப்சூலை இரண்டு வேளை, நான்கு வாரம் 40 பேருக்குக் கொடுத்தார்கள். வெற்றுக் கேப்சூல் எடுத்த 40 பேரைவிட அவர்களுக்கு மூச்சுத் தொல்லை கட்டுக்குள் வந்திருந்தது. ஆனால் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையில் உறுதியான முன்னேற்றம் தெரியவில்லை.

ஈரானின் மஷ்ஹத் நகரத்து அமீர்ஹுசைன் சாஹிப்கர் 2016-இல் இத்தகைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி இரண்டு தொகுப்பாய்வுகள் செய்தார். 11 ஆய்வுகளையும் 860 பேரையும் சேர்த்துப் பார்த்ததில் மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 3.26 புள்ளியும் கீழ் அழுத்தம் 2.80 புள்ளியும் குறைந்திருந்தன. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மொத்தக் கொலஸ்ட்ரால் 15.65 மில்லிகிராமும் எல்டிஎல் 14.10 மில்லிகிராமும் ட்ரைகிளிசரைடு 20.64 மில்லிகிராமும் குறைந்திருந்தன. இவை உண்மையான குறைவுகள்தான். பெரிய குறைவுகள் இல்லை. 160 இருக்கும் மேல் அழுத்தம் 157 ஆவதால் ஒருவர் மருந்தை விட்டுவிட முடியாது. ஆனால் நோயின் விளிம்பில் நிற்கும் ஓர் ஊர் முழுவதும் அன்றாட உணவின் வழியாக மூன்று புள்ளி இறங்கினால் அது பொதுநலத்தில் கணிசமான ஆதாயம். கருஞ்சீரகத்தை மருந்தாகப் பார்ப்பதைவிட உணவாகப் பார்ப்பதுதான் பொருத்தம் என்று நான் நினைப்பதற்கு இந்த எண்களே காரணம்.

கொழுப்பைப் பற்றிய அந்தத் தொகுப்பாய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. மொத்தக் கொலஸ்ட்ராலையும் எல்டிஎல்லையும் எண்ணெய் அதிகம் குறைத்தது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் தூள் எடுத்தவர்களிடம்தான் கூடியது. எண்ணெயும் விதையும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. விதையில் எண்ணெயோடு புரதம், நார்ப்பொருள், ஆல்ஃபா ஹெடரின் என்ற சபோனின், சில அல்கலாய்டுகள் எல்லாம் இருக்கின்றன. எண்ணெயைப் பிழிந்தால் அவற்றில் பெரும்பகுதி பிண்ணாக்கில் நின்றுவிடும். 2025-இல் ஜப்பானின் ஒசாகா பெருநகரப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்விலும் நாளுக்கு 5 கிராம் தூளை எட்டு வாரம் எடுத்தவர்களுக்கு ட்ரைகிளிசரைடும் எல்டிஎல்லும் குறைந்து எச்டிஎல் கூடியிருந்தது.

புற்றுநோயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கருஞ்சீரக எண்ணெய் புற்றைக் கரைக்கும் என்று நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் தைமோகுயினோன் புற்றுச் செல்லைக் கொல்வது உண்மை. நோய் முற்றிய மனிதர்களுக்கு அதைத் தனியாகவே கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. உடல் அதைத் தாங்கிக்கொண்டது. ஆனால் கட்டிகளில் எந்த விளைவும் தெரியவில்லை. தட்டில் செல்லின்மேல் நேரடியாக ஊற்றும் செறிவு, வாய்வழியாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் கிடைப்பதில்லை. தைமோகுயினோன் தண்ணீரில் சரியாகக் கரையாது. இரத்தத்துக்குள் போனதும் அதில் 99 சதவீதம் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது.

உணவுக்குள் போகும்போது

எகிப்தின் ஸகாஸிக் பல்கலைக்கழகத்தில் ஹஸனைன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. டோமியாத்தி என்பது எகிப்தியர் அன்றாடம் உண்ணும் உப்பிட்ட மென்மையான பாலாடைக்கட்டி. அதில் எடைக்கு 0.1 சதவீதமும் 0.2 சதவீதமும் கருஞ்சீரக எண்ணெய் சேர்த்து, வேண்டுமென்றே சால்மொனெல்லா, லிஸ்டீரியா, ஈ.கோலை, ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமிகளையும் கலந்து, 42 நாள் சேமித்துப் பார்த்தார்கள். எண்ணெய் சேர்த்த கட்டியில் கிருமிகள் நன்றாகக் குறைந்தன. வெண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போட இதன் ஆவி எண்ணெய் உதவுமா என்று துருக்கியின் எர்சுரும் நகரில் பார்த்திருக்கிறார்கள். சூரியகாந்தி எண்ணெயோடு கலந்தால் அது கெடாமல் நிற்கும் காலம் கூடுகிறது என்ற ஆய்வும் உண்டு. இவை எல்லாம் நல்ல வேலைகள். செயற்கைப் பதப்பொருள்களின் தேவையைக் குறைக்கக்கூடியவை.

ஆனால் 0.2 சதவீதம் என்றால் 100 கிராம் கட்டியில் 0.2 கிராம் எண்ணெய். அலிகாரிலும் ஈரானிலும் கொடுத்த 5 மில்லிலிட்டர் ஏறத்தாழ 4.6 கிராம். அந்த அளவு வயிற்றுக்குள் போக ஒருவர் நாளுக்கு 2.3 கிலோ பாலாடைக்கட்டி சாப்பிட வேண்டும். அந்த எண்ணெய் காப்பாற்றுவது கட்டியைத்தான், சாப்பிடுகிறவரின் கொலஸ்ட்ராலை இல்லை. கட்டி கெடாமல் இருப்பதும் உடல்நலத்துக்கு உதவுவதுதான், அதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் உறையில் கருஞ்சீரகத்தின் படத்தைப் போட்டு, நீரிழிவு ஆய்வையும் கொழுப்பு ஆய்வையும் வாங்குகிறவர் மனத்தில் கொண்டுவந்து நிறுத்துவது வேறு காரியம். ஓர் ஆய்வின் பலனை இன்னோர் ஆய்வின் அளவோடு ஒட்டவைத்து விற்பது அது. செயல்பாட்டு உணவு என்ற நல்ல கருத்துக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

அளவைக் கூட்டிவிடலாமே என்று கேட்கலாம். தடையாக நிற்பது நாக்கு. கருஞ்சீரக எண்ணெய் கசக்கும், தொண்டையில் எரியும், வாசனை நெடுநேரம் வாயில் நிற்கும். பாலுணவில் அரை சதவீதத்தைத் தாண்டினாலே பலர் முகம் சுளிப்பார்கள். இதற்காகத்தான் எண்ணெயைக் கேசின் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் போன்றவற்றால் போர்த்தி நுண்ணிய தூளாக உலர்த்தும் முறையை மலேசியாவிலும் பிற இடங்களிலும் முயன்று வருகிறார்கள். கசப்பு மறையும், காற்றும் ஒளியும் படாமல் எண்ணெய் நிற்கும். எண்ணெயைத் தண்ணீரில் மிக நுண்ணிய துளிகளாகப் பிரித்து நிறுத்தினால் குடலில் உறிஞ்சப்படுவதும் கூடலாம். இந்தத் தொழில்நுட்பம்தான் எதிர்காலத்தில் பாலுணவுக்கு வழி திறக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அப்படிச் செய்த ஒவ்வோர் உணவையும் மனிதர்களிடம் தனியே சோதித்தாக வேண்டும்.

ஒளி இதன் முதல் பகை. 2014-இல் வந்த ஓர் ஆய்வு, தண்ணீரில் கரைந்த தைமோகுயினோன் சிதைவதற்கு அமில காரத் தன்மையைவிட வெளிச்சமே பெரிய காரணம் என்று காட்டியது. கண்ணாடிப் புட்டி பளபளக்க வேண்டும் என்பதற்காக நிறமில்லாத புட்டியில் அடைத்துக் கடை வாசலில் அடுக்கிவைக்கும் எண்ணெயில் என்ன மிஞ்சும் என்பதை வாங்குகிறவரே யோசிக்கலாம். வெப்பத்தின் கதை சற்றுச் சிக்கலானது. இஸ்ரேலின் பென் குரியோன் பல்கலைக்கழகத்தார் 2015-இல் விதையைப் பல வெப்பநிலைகளில் சூடாக்கிப் பிழிந்தார்கள். மிதமாகச் சூடாக்கிய விதையின் எண்ணெயில் தைமோகுயினோன் பச்சை விதை எண்ணெயைவிடக் கூடியிருந்தது. 200 பாகையை எட்டியபோது குறைந்துவிட்டது. இளவறுப்பு கெடுதல் இல்லை, கருகவிடுவதுதான் கெடுதல் என்று இதைப் புரிந்துகொள்கிறேன். பிழிந்தெடுத்த எண்ணெயைத் தாளிப்பதற்கும் பொரிப்பதற்கும் பயன்படுத்தினால் ஆவியாகும் பொருள் ஆவியாகத்தான் போகும்.

ரொட்டி சொல்லும் வழி

நான் பார்த்தவரையில் கணக்கு சரியாக வருவது ரொட்டியில். 100 கிராம் மாவுக்கு 2 கிராம் கருஞ்சீரகத் தூள் சேர்த்தால், அந்த மாவில் செய்த ரொட்டியைச் சாப்பிடுகிறவருக்குப் பாமோசா ஆய்வில் பயன் தந்த 2 கிராம் கிடைத்துவிடும். அடுப்பு 220 பாகையில் இருந்தாலும் ரொட்டியின் உட்பகுதி நீர் கொதிக்கும் வெப்பத்தைத் தாண்டுவதில்லை. ஓரளவு வாசனை நீராவியோடு போகும், ஆனால் மேலோட்டில் நடப்பதுபோல் உள்ளே கருகாது. மாவின் சுவை கசப்பையும் ஏற்றுக்கொள்கிறது. துருக்கியர் பீடே ரொட்டியிலும் போலந்து மக்கள் ரை என்ற தானியத்தின் ரொட்டியிலும் எத்தியோப்பியர் தங்கள் ரொட்டியிலும் இந்த விதையைச் சேர்ப்பது பழக்கம். ஆய்வுக்கூடம் பாலுணவைத் தேடிப்போனபோது, ஊர்கள் தங்கள் அனுபவத்தால் ரொட்டியில் வந்து நின்றிருக்கின்றன. மேலே தூவும் சில விதைகளில் அளவு குறைவு என்பது உண்மைதான். மாவோடு சேர்த்துப் பிசைவதுதான் இதற்கு வழி.

பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரில் இதற்கு ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். விதையை வறுத்து, எள் விழுதைப்போல அரைத்து, கருகருவென்ற ஒரு விழுதாக்குகிறார்கள். கிஸ்ஹா என்று பெயர். ரவையும் சர்க்கரையும் சேர்த்து இதில் இனிப்புச் செய்வார்கள். ஒரு துண்டில் கிராம் கணக்கில் விதை இருக்கும். கருஞ்சீரகத்தை வாசனைக்கான துணைப்பொருளாக இல்லாமல் உணவாகவே நடத்தும் மரபு இது. சர்க்கரை நோயாளிக்கு அந்த இனிப்பை நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விழுதைச் சர்க்கரை சேர்க்காமல் ரொட்டியிலும் துவையலிலும் பயன்படுத்தத் தடை ஏதும் இல்லை.

எண்ணெயாகவே சேர்க்க வேண்டுமென்றால் சூடுபடுத்தாத உணவு நல்லது. சாலட்டுக்கு ஊற்றும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு கருஞ்சீரக எண்ணெய் இருந்தால், ஒரு மேசைக்கரண்டியான 15 மில்லிலிட்டரில் 3 மில்லிலிட்டர் வந்துவிடும். ஆய்வில் கொடுத்த 5 மில்லிலிட்டரில் இது பாதிக்கு மேல். நம் ஊரில் இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றிக் குழைப்பது இதே வகையான சூடுபடாத பயன்பாடு. நல்லெண்ணெயில் சிறு பங்கு கருஞ்சீரக எண்ணெய் கலந்து பொடிக்கு ஊற்றிக்கொள்வதை ஓர் உணவு நிறுவனமோ பல்கலைக்கழகமோ முறையாகச் சோதித்துப் பார்க்கலாம்.

இந்த அளவுக் கணக்கை வைத்து நம் வீடுகளில் பரவியிருக்கும் ஒரு பழக்கத்தையும் பார்க்க வேண்டும். வெந்தயம் 250 கிராம், ஓமம் 100 கிராம், கருஞ்சீரகம் 50 கிராம் வறுத்துப் பொடித்து, இரவில் ஒரு தேக்கரண்டி வெந்நீரில் குடிக்கும் முறை வாட்ஸ்அப் வழியாக வராத வீடு குறைவு. மொத்தம் 400 கிராமில் கருஞ்சீரகம் எட்டில் ஒரு பங்கு. ஒரு தேக்கரண்டிப் பொடி 3 அல்லது 4 கிராம் இருந்தால் அதில் கருஞ்சீரகம் அரை கிராமைத் தாண்டாது. பாமோசா ஆய்வில் பயன் தெரியாத 1 கிராமுக்கும் அது கீழே. அந்தப் பொடியால் சர்க்கரை குறைகிறதென்றால் அதில் பெரும்பங்கு வெந்தயத்தின் நார்ப்பொருளுக்குச் சேர வேண்டியது. வெந்தயத்துக்கு உரிய புகழை வெந்தயத்துக்குக் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

யார் தள்ளி நிற்க வேண்டும்

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொதுவாகப் பாதுகாப்பானவை என்று ஏற்ற நறுமணப் பொருள்களின் பட்டியலில் கருஞ்சீரகம் இருக்கிறது. அது சமையலில் சேர்க்கும் அளவுக்குப் பொருந்தும், தேக்கரண்டி தேக்கரண்டியாக மாதக்கணக்கில் குடிப்பதற்கு அப்படியே பொருந்தாது. எண்ணெயைத் தோலில் தடவியதால் கடுமையான ஒவ்வாமைத் தடிப்பு வந்தவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் உண்டு. நீரிழிவுக்காகக் கருஞ்சீரக மாத்திரை எடுத்த ஒருவருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு வந்ததையும் துருக்கியில் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதானவைதான், ஆனால் நடந்தவை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடலாம். இரத்த அழுத்த மருந்துக்கும் இதே எச்சரிக்கை. வார்ஃபரின் போன்று இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். கருவுற்ற பெண்கள் சமையல் அளவைத் தாண்டக் கூடாது.

கலப்படம் இன்னொரு தொல்லை. கொழுப்பு அமில அமைப்பில் சூரியகாந்தி எண்ணெய்க்கும் சோயா எண்ணெய்க்கும் பக்கத்தில் இருப்பதால், அவற்றைக் கலந்தால் வழக்கமான கொழுப்புச் சோதனையில் பிடிப்பது எளிதில்லை. தைமோகுயினோனை நேரடியாக அளக்கும் நிறப்பகுப்புச் சோதனைதான் கைகொடுக்கும். அந்தக் கருவி இன்று பெரும்பாலான மருந்தியல் கல்லூரிகளிலும் உணவுச் சோதனைக் கூடங்களிலும் இருக்கிறது. எனவே முடியாது என்று சொல்ல இடமில்லை.

நீரிழிவையும் உயர் இரத்த அழுத்தத்தையும் புற்றுநோயையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1954-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. உணவு விளம்பரங்களில் சொல்லும் நலன்களுக்கு அறிவியல் ஆதாரம் இருக்க வேண்டும் என்று 2018-இல் வந்த விதிகள் சொல்கின்றன. இருக்கும் சட்டத்தை வைத்தே ஒன்றைச் செய்யலாம். கருஞ்சீரகத்தின் பெயரை முன்னிறுத்தி விற்கும் எந்த உணவானாலும், ஒரு வேளைப் பரிமாறலில் எத்தனை கிராம் விதை அல்லது எத்தனை மில்லிலிட்டர் எண்ணெய் இருக்கிறது, அதில் தைமோகுயினோன் எத்தனை மில்லிகிராம், அது அளக்கப்பட்டது உற்பத்தி செய்த நாளிலா காலாவதி நாளிலா என்ற மூன்றையும் உறையின் முன்பக்கத்தில் அச்சிடச் சொல்லலாம். அஜ்மீரில் இருக்கும் தேசிய விதை நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அஜ்மீர் நைஜெல்லா என்ற பெயரில் கருஞ்சீரக ரகங்களை வெளியிட்டிருக்கிறது. விளைச்சலோடு தைமோகுயினோன் அளவையும் ரகத்தின் தகுதியாக அறிவித்து, அதற்கேற்ற விலையை உழவர் கேட்டு வாங்கும் நிலை வந்தால், செக்குக்காரரும் உணவு நிறுவனமும் எந்த விதையை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவார்கள்.